பிள்ளை சொன்ன கதை, பிள்ளை படிக்கிற புத்தகம்



எழுமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் அக்கா தன் மகனைக் கூப்பிட்டு, "மேடம் முன்னாடி பாடத்தை வாசிச்சுக் காட்டுய்யா" என்றார். மூன்றாம் வகுப்புப் பையன். புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் சொன்னான். எல்லோரும் கை தட்டினோம். நாங்கள் சும்மா இருக்காமல், நடுவில் ஒரு வார்த்தையில் விரலை வைத்து, "இது என்னப்பா?" என்று கேட்டோம். பையன் அம்மா முகத்தைப் பார்த்தான். மறுபடியும் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே அந்த வார்த்தைக்கு வரப் பார்த்தான். முடியவில்லை.

அந்த அக்காவுக்கு முகம் வாடிப்போச்சு. "அப்ப இவன் இத்தன நாளா படிக்கலையா? மனப்பாடமாத்தான் சொன்னானா?" என்று கேட்டார். எங்களிடம் உடனே பதில் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். இன்றைக்கே பாருங்கள். பாடத்தின் நடுவில் விரல் வைத்துக் கேளுங்கள். திட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக.

அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது எங்களுக்குக் கிடைத்த ஒரு வழியைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறோம். அது பத்திரிகை அடிக்கும் கடையில் இருக்கிற டி.டி.பி. வேலை. "அதுக்கும் ஒண்ணாப்பு பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

டி.டி.பி. என்றால் என்ன?

நம் எல்லோருக்கும் டி.டி.பி. தெரியும், பேர்தான் தெரியாது. காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போகிறோம். கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் சாமி படத்தை மேலே வைக்கிறார். தாய்மாமன் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறார். சொந்தக்காரர் பெயர்களைக் கீழே வரிசையாக அடிக்கிறார். "சரியா இருக்கான்னு பாருங்கக்கா" என்று ஒரு தாளைக் காட்டுகிறார். அதுதான் டி.டி.பி. டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்பதன் சுருக்கம். மேசையில் உட்கார்ந்தபடியே அச்சுக்கான பக்கத்தைத் தயார் செய்வது என்று பொருள்.

அதற்கு முன்னால் அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவார்கள். ஒரு பக்கம் கோக்க வெகுநேரம் ஆகும். 1985-ல் அமெரிக்காவில் ஆல்டஸ் என்ற நிறுவனம் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளைக் கொண்டு வந்தது. அதன் பிறகு இந்த வேலை கம்ப்யூட்டருக்கு மாறியது. நம் ஊர்ப்பக்கக் கடைகளிலும் பேஜ்மேக்கர் பல வருஷம் ஓடியது.

சும்மா டைப் அடிப்பதற்கும் டி.டி.பி.க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டைப் அடிக்கும்போது எழுத்து வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். டி.டி.பி.யில் பக்கம் நம்ம அஞ்சறைப் பெட்டி மாதிரி. படத்துக்கு ஒரு பெட்டி, எழுத்துக்கு ஒரு பெட்டி, பக்க எண்ணுக்கு ஒரு பெட்டி. எந்தப் பெட்டியையும் நகர்த்தலாம், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். ஒன்றை மாற்றினால் மற்றது கலையாது.

சின்னப் பிள்ளைக்கு இது எதற்கு?

பாடப்புத்தகம் தமிழ்நாடு முழுவதுக்கும் ஒன்று. அது வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீச்சல் பழகத் தண்ணீர் நிறைய வேண்டும் என்பது போல, வாசிக்கப் பழக அச்சிட்ட எழுத்து நிறைய வேண்டும். அதுவும் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிக்கு ஏற்றதாக வேண்டும்.

இது அரசுக்கும் தெரிந்ததுதான். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. ஏணிப்படி, அட்டைகள் என்று பிள்ளைகள் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 2023-ல் வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன.

எல்லாம் நல்லவைதான். ஆனால் எல்லாமே வெளியூரில் எழுதி, வெளியூரில் அச்சாகி வருபவை. நம்ம ஊர்க் கண்மாயும், நம்ம வீட்டு ஆட்டுக்குட்டியும் அதில் எப்படி வரும்? அந்தக் குறையை நிரப்பத்தான் ஊரிலேயே தயாராகும் சிறு புத்தகம்.

இதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு கிராமத்து வாத்தியார் செய்து காட்டியிருக்கிறார். பிரான்ஸ் நாட்டுக்காரர், பெயர் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். வகுப்பில் ரொம்ப நேரம் உரக்கப் பேச முடியாது. 1920-களில் அவர் ஒரு சின்னக் கை அச்சு எந்திரத்தை வகுப்பறைக்கே கொண்டு வந்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை, செய்ததைச் சொல்வார்கள். தாங்களே எழுத்துக் கோத்து அச்சடிப்பார்கள். அச்சான தாளைத் தூரத்தில் இருந்த இன்னொரு ஊர்ப் பள்ளிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்தும் தாள் வரும். யாரோ முகம் தெரியாத பிள்ளை எழுதியதைப் படிக்க வேண்டும் என்ற ஆசையிலேயே இந்தப் பிள்ளைகள் வாசித்தார்கள்.

அவரிடம் இருந்தது ஈய எழுத்து. நம்மிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் செய்து பார்த்த முறை

மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் நாங்கள் இதைச் செய்து பார்த்தோம்.

முதலில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "நேத்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டோம். நம்ம முதல் பையன், புத்தகம் வாசிக்கத் திணறியவன், வாய் திறந்து சொன்னான்: "எங்கம்மா இருட்டோட பூப் பறிக்கப் போகும். நான் டார்ச் லைட் அடிப்பேன். பூச்சி வந்தா நான் பயப்பட மாட்டேன். எங்கம்மாதான் பயப்படும்." எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

இரண்டாவது, அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினோம். ஒரு வரியில் நாலைந்து வார்த்தைக்கு மேல் இல்லை.

மூன்றாவது, பிள்ளைகள் படம் வரைந்தார்கள். அதை செல்போனில் போட்டோ எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றினோம்.

நான்காவது, பிள்ளைகளையே பக்கத்தில் உட்கார வைத்து அடித்தோம். இங்கே ஒரு நல்ல விஷயம் கண்டோம். 1999-ல் தமிழக அரசு தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைக் கொண்டு வந்தது. அதில் உயிரெழுத்து எல்லாம் இடது கைப் பக்கம், மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைப் பக்கம். க-வைத் தட்டி ஆ-வைத் தட்டினால் கா வரும். க-வைத் தட்டி இ-யைத் தட்டினால் கி வரும். 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால் 216 உயிர்மெய்யும் தானாக வந்துவிடும். வாய்ப்பாடாக ஒப்பித்த பிள்ளைகள் அன்றைக்குத்தான் "ஓ, இப்படித்தான் எழுத்து சேருதா!" என்று கண்ணால் பார்த்தார்கள்.

ஐந்தாவது, பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, மடித்து, பின் அடித்துக் கொடுத்தோம். அட்டையில் எழுதியவர் என்று பிள்ளையின் பெயர்.

பேச்சுத் தமிழா, புத்தகத் தமிழா?

ஒரு ஆசிரியர் எங்களிடம் கேட்டார்: "அம்மா போகும்னு அச்சடிக்கலாமா? பிள்ளை பரீட்சையிலயும் அப்படியே எழுதிடுமே?" நியாயமான கேள்விதான். நாங்கள் இரண்டையும் சேர்த்தோம். இடது பக்கத்தில் பிள்ளை சொன்னபடி. எதிர்ப் பக்கத்தில் புத்தகத் தமிழில்: "என் அம்மா விடியற்காலையில் பூப் பறிக்கச் செல்வார்." வீட்டுப் பேச்சு தப்பு என்று சொல்லிப் பிள்ளையின் வாயை அடைக்கவும் இல்லை, பள்ளித் தமிழை விட்டுவிடவும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது பிள்ளையே வித்தியாசம் கண்டுபிடிக்கிறது.

நாங்கள் செய்த தப்பு

எல்லாம் சரியாக நடந்தது என்று எழுதினால் அது பொய். முதல் புத்தகத்தை அவசரத்தில் சரிபார்க்காமல் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டோம். அடித்த கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்ட் எடுத்த கம்ப்யூட்டர் வேறொன்று. 'கொசு' என்ற வார்த்தையில் கொ என்ற எழுத்துக்கு ஒற்றைக்கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் வர வேண்டும் இல்லையா? எங்கள் தாளில் இரண்டும் க-வுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டன. நம் கண் பழகிய கண், அதுவே சரி செய்துகொண்டு வாசித்துவிடும். சின்னப் பிள்ளைக்கு அப்படி இல்லை. இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒன்று அந்தத் தப்பான எழுத்தைப் பார்த்து, அப்படியே சிலேட்டில் அழகாக எழுதிக் காட்டியது. எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. வீடு வீடாகப் போய் எல்லாப் பிரதியையும் திரும்ப வாங்கினோம்.

ஏன் அப்படி ஆச்சு? விசாரித்துத் தெரிந்துகொண்டோம். முன்பு ஒவ்வொரு கம்பெனி எழுத்துருவும் தமிழ் எழுத்துக்குத் தனக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்திருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத இன்னொன்றில் திறந்தால் கோணல் மாணலாக வரும். இதைத் தீர்க்க வந்ததுதான் யூனிகோடு. உலகம் முழுவதும் ஒரு எழுத்துக்கு ஒரே எண். நம் ஆதார் எண் மாதிரி, எங்கே போனாலும் மாறாது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனால் பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது. வேறு சில பழைய மென்பொருளில் யூனிகோடு எழுத்து வரும், ஆனால் கொம்பு இடம் மாறும்.

அதனால் மூன்று விஷயம் மனதில் வையுங்கள். யூனிகோடு எழுத்துருவில் அடிக்க வேண்டும். வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போகும்போது பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டு போக வேண்டும். ஒரே ஒரு பிரதி எடுத்து, கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசை எழுத்துகளை விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் மீதிப் பிரதி எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தது. லை, னை, ணா, றா, னா போன்ற எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் படித்த அப்பத்தாமார் லை-க்குத் தும்பிக்கை போட்டு எழுதுவார்கள். அது தப்பில்லை, அவர்கள் படித்த காலத்து எழுத்து. பேரப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் புத்தகத்தில் உள்ள வடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

கல்யாணப் பத்திரிகை மாதிரி அலங்காரம் வேண்டாம். சுழித்த எழுத்து, நிழல் விழுந்த எழுத்து, கலர் பின்னணி எல்லாம் சின்னப் பிள்ளைக்குத் தடங்கல். சாதாரணமான, நேரான எழுத்துரு போதும். எழுத்தின் அளவு 20 முதல் 24 புள்ளி வரை இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். வரிக்கும் வரிக்கும் நடுவில் விரல் வைக்க இடம் விடுங்கள்.

தமிழ் வார்த்தைகள் நீளமானவை. வரி முடிவில் கம்ப்யூட்டர் வார்த்தையைப் பாதியில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். 'பயப்பட' ஒரு வரியிலும் 'மாட்டேன்' அடுத்த வரியிலும் வந்தால் பரவாயில்லை. 'பயப்' மேலேயும் 'பட' கீழேயும் வந்தால் பிள்ளை தவித்துவிடும். அப்படி உடைந்தால் பெட்டியை அகலமாக்குங்கள்.

மடிக்கிற கணக்கு

இரண்டு ஏ4 தாள் இருந்தால் 8 பக்கப் புத்தகம் செய்யலாம். ஒரு தாளை நடுவில் மடித்தால் முன்னும் பின்னுமாக 4 பக்கம். ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் 8 பக்கம். ஆனால் அச்சடிக்கும்போது 1, 2, 3 என்று வரிசையாக அடித்தால் மடித்த பிறகு பக்கம் மாறிப்போகும். வெளித்தாளின் ஒரு முகத்தில் 8-ம் 1-ம், மறுமுகத்தில் 2-ம் 7-ம் வர வேண்டும். உள்தாளின் ஒரு முகத்தில் 6-ம் 3-ம், மறுமுகத்தில் 4-ம் 5-ம் வர வேண்டும். கூட்டிப் பாருங்கள், எல்லாச் சோடியும் 9 வரும். ஞாபகம் வைக்க இதுவே வழி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெறும் தாளைக் கொடுத்து மடிக்கச் சொல்லி எண் போடச் சொன்னோம். கணக்குப் பாடமும் அங்கேயே நடந்துவிட்டது.

செலவு என்ன ஆகும்?

ஒரு புத்தகத்துக்கு இரண்டு தாள், நாலு முகம். உங்கள் ஊரில் ஒரு முகம் ஜெராக்ஸ் என்ன விலையோ, அதை நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். கலர் வேண்டாம். பிள்ளைகள் தாங்களே கலர் அடித்துக்கொள்வார்கள்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் இலவசம். தமிழ் யூனிகோடு நன்றாக வரும். அச்சடிக்கும்போது பிரவுச்சர் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன பக்க வரிசையை அதுவே போட்டுவிடும். ஸ்கிரைபஸ் என்பது முழு டி.டி.பி. மென்பொருள், அதுவும் இலவசம். பழைய பதிப்பில் தமிழ் எழுத்து சரியாக அமையாது. 2024-ல் வந்த 1.6 பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? 2011-ல் தொடங்கிப் பல வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. அண்ணன், அக்கா வாங்கியது பல வீட்டில் பீரோ மேல் துணி போர்த்திக் கிடக்கிறது. ஓடுகிறதா என்று பாருங்கள். சின்னப் புத்தகம் செய்ய அது போதும்.

கதை கிடைக்கவில்லை என்றால் ஸ்டோரிவீவர் என்று பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய இணையதளம் உண்டு. அதில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்து அச்சடிக்கலாம். எழுதியவர், படம் வரைந்தவர் பெயரை மட்டும் மறக்காமல் போட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பிள்ளையின் போட்டோ, வீட்டு விலாசம், போன் நம்பர் எதுவும் புத்தகத்தில் வேண்டாம். பிள்ளை வீட்டுக் கஷ்டத்தை, அப்பா குடிப்பதை, சண்டையைச் சொல்லலாம். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள், அச்சில் போடாதீர்கள். எதைப் போட்டாலும் தாயிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் ஆசிரியர் ஆகாது. பிள்ளை பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். டி.டி.பி. கடைக்காரர் எல்லாவற்றையும் அழகாகச் செய்து கொடுத்து, பிள்ளை சும்மா வாங்கிக்கொண்டால் பலன் இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். தன் கதையைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்லிவிடும். அதை வாசிப்பு என்று நம்பி ஏமாறக் கூடாது. அதனால் புத்தகத்தை மாற்றிக் கொடுங்கள். இந்தத் தெருப் பிள்ளை கதையை அந்தத் தெருப் பிள்ளை படிக்கட்டும். இந்த ஊர்ப் புத்தகம் அடுத்த ஊருக்குப் போகட்டும்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் உறுப்பினர்கள் பலர் அதில் இருக்கிறீர்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டு வராமல், மரியாதையாக இதைக் கேளுங்கள்: "பள்ளியில் கம்ப்யூட்டர், பிரிண்டர் வேலை செய்யுதா சார்? மாசம் ஒரு நாள் பிள்ளைக கதையைப் புத்தகமாப் போட முடியுமா? தாளும் மடிக்கிற வேலையும் நாங்க பாத்துக்கிறோம்." ஆசிரியருக்கு வேலைப்பளு அதிகம். குறை சொல்வது போல் கேட்டால் நடக்காது, கூட நிற்பது போல் கேட்டால் நடக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் கதை சொல்லலாம். 1990-களில் அறிவொளி இயக்கத்தில் சின்னப் புத்தகம் வைத்து எழுத்துக் கூட்டிய அக்காமார் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதன் அருமை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக அந்தப் பையன் விஷயம். அவன் புத்தகம் இன்னொரு ஊருக்குப் போனது. அங்கிருந்து ஒரு பெண் பிள்ளை எழுதிய ஆட்டுக்குட்டிக் கதை இவனுக்கு வந்தது. இவன் இதுவரை கேட்காத கதை. விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, இரண்டு இடத்தில் தப்பாகச் சொல்லி, திரும்பித் திருத்தி, எட்டுப் பக்கத்தையும் முடித்தான். ரொம்ப நேரம் ஆச்சு. பாடப்புத்தகத்தை மூச்சுவிடாமல் சொன்ன வேகம் இல்லை. அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், நடுவில் ஒரு வார்த்தையில் அவரே விரல் வைத்து, "இது என்னய்யா?" என்றார். சொன்னான்.

இன்னும் அவனுக்குப் பாடப்புத்தகம் கஷ்டம்தான். மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் ஊரில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, யாருக்குத் தமிழ் அடிக்கத் தெரியும் என்று தீர்மான நோட்டில் குறித்து, கூட்டமைப்புக்குத் தெரியப்படுத்துங்கள். முதல் புத்தகத்துக்கு நாங்கள் வந்து கூட உட்காருகிறோம்.